மகனின் கணினியில் மூன்று பிரதிகள்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஊரில் ஓ.எல்., அதாவது பத்தாம் வகுப்புச் சோதனை வரை படித்தேன், அதுவும் கணக்கில் தவறிவிட்டது. கோயில் மலருக்கு நாலு வரி வாழ்த்து எழுதித் தாருங்கள் என்று கேட்டால்கூட மனைவியிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவேன். கூட்டத்தில் கதைக்கவும் வராது. எழுதினால் முகம் பார்க்கத் தேவையில்லை என்பதால்தான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நான் பேய் பிசாசு, சகுனம், சாத்திரம் எதையும் நம்புகிறவன் இல்லை. நான் வேலை செய்கிற, பாண், பணிஸ் என்று ரொட்டி வகை செய்கிற தொழிற்சாலையில் பழைய பிரீசர் அறைக்குள் யாரோ நடப்பதாக இரவு ஷிப்டில் எல்லோரும் சொல்வார்கள். அங்கே சாமான் எடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அது மோட்டார் சத்தம், வேறொன்றும் இல்லை என்று பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவனுக்கு நித்திரை போதாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இந்தக் குளிர் நாட்டில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான், மனைவி மங்கை, மகன் நிருஜன், மகள் அபி. நிருஜனுக்கு இருபத்திமூன்று, அபிக்குப் பத்தொன்பது. நிருஜன் யூனிவர்சிட்டியில் கம்பியூட்டர் படித்தான். அதாவது படிக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு இருந்தோம்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மகனுக்கு மீசை அரும்பின நாளில் இருந்து நான் அவனோடு நேராகக் கதைப்பதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. என்னுடைய தகப்பனும் என்னோடு அப்படித்தான், எங்கள் ஆட்களில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான். "அவனைச் சாப்பிடச் சொல்லு", "அவனுக்குக் குளிர்ச் சட்டை காணுமோ, போதுமோ எண்டு கேள்" என்று மங்கையிடம் சொல்வேன். அவன் பக்கத்து அறையில்தான் இருப்பான், எல்லாம் கேட்கும், ஆனாலும் மங்கை போய்ச் சொல்லவேண்டும். அவனும் "அப்பாட்டச் சொல்லுங்கோ, காணும் எண்டு" என்பான். தபால்காரி மாதிரி மங்கை நடுவில் நடப்பாள். "எனக்குச் சம்பளம் தாங்கோ ரெண்டு பேரும்" என்று பகிடி விடுவாள். அது ஒரு காலம்.

போன கார்த்திகை மாதம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, தெரிந்த ஒருவர் என் தட்டில் வடையை வைத்துக்கொண்டே கேட்டார், "என்ன, தம்பி படிப்பை விட்டிட்டாராமே?" தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். விசாரித்தால், நிருஜன் விட்டது உண்மைதான். ஒரு வருடமாகவே போகவில்லையாம். காலையில் பையோடு வெளிக்கிட்டு எங்கேயோ நூலகத்தில் இருந்துவிட்டு வருவானாம்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம், "அவனைக் கேள்" என்றேன்.

"நீங்கள்தானே தகப்பன், நீங்கள் கேளுங்கோ" என்றாள்.

நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நாங்கள் அறிந்துவிட்டோம் என்பது அவனுக்கும் விளங்கிவிட்டது. "சாப்பிடச் சொல்லு" என்பதும் நின்றுபோனது. நாற்பது நாள் ஒரே வீட்டில் இப்படி இருந்தோம். அடித்திருந்தால், ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன். புதுவருடம் முடிந்து ஒரு கிழமைக்குள் ஒரு காலை, பிரிட்ஜில் கடிதம் ஒட்டியிருந்தது. அம்மா, என்னைத் தேடாதேங்கோ, அவ்வளவுதான். ஒரு பையோடு போய்விட்டான். போன் வேலை செய்யவில்லை. பொலிசில் சொன்னோம். வயது வந்த ஆள், கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மரியாதையாகச் சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை. மங்கை செய்தி கேட்பதை நிறுத்திவிட்டாள். யாராவது பாலம், ஆறு என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவாள். அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் சோற்றைப் பிசையும்போதும் அதுதான், பஸ்சில் நிற்கும்போதும் அதுதான்.

பெப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. உறைமழை பெய்து இரும்புப் படிகள் எல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடந்தன. மங்கை முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போயிருந்தாள். அபி நிருஜனுடைய அறைக்குள் போய், அவன் விட்டுப்போன லாப்டாப்பை மேசை லாச்சிக்குள் இருந்து எடுத்துவந்து காட்டினாள். பாட்டரி செத்துப்போய்க் கிடந்தது. சார்ஜரை மாட்டி அரை மணித்தியாலம் வைக்கவேண்டி இருந்தது.

"அண்ணா இதில ஏஐயோடதான் எந்த நேரமும் கதைக்கிறவன்," என்றாள். புரோகிராம் எழுதுவதற்கு உதவி செய்கிற ஏஐ ஒன்று இருக்கிறதாம், பிழை வந்தால் அதனிடம் கேட்பார்களாம், அது பதில் சொல்லுமாம். "கதைச்சது எல்லாம் இதுக்குள்ள சேமிச்சிருக்கு அப்பா. எங்க போனான், ஆரோட போனான் எண்டு ஏதாவது எழுதியிருப்பான்."

"எவ்வளவு இருக்கு?"

"ஆயிரத்துக்கு மேல."

"உதை எப்பிடிப் பிள்ளை வாசிக்கிறது?"

"கனக்க ஒரே கதைதான் திருப்பித் திருப்பி இருக்கும். ஒரே கேள்வியைப் பத்துத்தரம் ஒட்டிக் கேக்கிற ஆள் அவன். ஒரே மாதிரி இருக்கிறதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னப் புரோகிராம் வச்சிருக்கிறன். அதுகளை ஒதுக்கினா மிச்சத்தை இருந்து வாசிக்கலாம்."

இது எனக்கு விளங்கியது. என்னுடைய வேலையும் அதுதான். பெல்டில் பணிஸ் வரிசையாக வரும், எல்லாம் ஒன்று போல, நான் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும், ஒன்று கோணலாக வந்தால் கையை நீட்டி எடுக்கவேண்டும். பதினேழு வருடத்தில் ஒரே மாதிரியானவற்றைக் கண் பார்ப்பதையே விட்டுவிடும். வித்தியாசம் மட்டும்தான் தெரியும்.

அவள் அறைக்குள் வேலையைத் தொடங்கினாள். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன், இஞ்சி தட்டிப் போட்டது. கோப்பையோடு வந்து கதவடியில் நின்றேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே போகவில்லை. மகளிடம் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அந்த அறை வாசல் என்றால் என் கால் அப்படியே நின்றுவிடும். குசினி மணிக்கூட்டில் நாலு பத்து.

"அப்பா, என்ன வெளியில நிக்கிறீங்கள்? உள்ள வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது," என்று அபி திரும்பிப் பாராமலே கூப்பிட்டாள். போய்ப் பக்கத்தில் கட்டிலில் இருந்தேன். ஏழு கிழமைக்குப் பிறகு அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் போனேன்.

திரையில் பட்டியல் ஓடியது. ஒரே மாதிரியானவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து வந்தன. இது ஒன்பது, இது பதினாலு, இது நாலு. அபி ஒவ்வொன்றாகத் தட்டித் தள்ளிக்கொண்டு போனாள். திடீரென்று கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா..."

"என்ன?"

"இது ரெண்டு பிரதி. ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. ஆனா ஒண்டு முந்தின வருசம் ஒக்டோபர். மற்றது..." திகதியை விரலால் தொட்டாள். "மற்றது இந்தப் பெப்ரவரி. அண்ணா போனாப் பிறகு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. லாப்டாப் லாச்சிக்குள் அல்லவா கிடந்தது? அவள்தான் விளக்கினாள். அவன் வேறு கம்பியூட்டரில் தன் கணக்கைத் திறந்து எழுதினால், இந்த லாப்டாப்பை இன்டர்நெட்டில் போட்டவுடன் இதற்குள்ளும் வந்து விழுமாம். "விளங்குதே அப்பா? பெப்ரவரியில அவன் எங்கேயோ இருந்து எழுதியிருக்கிறான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தேத்தண்ணி ஊத்துப்பட்டுக் கட்டில் துணியெல்லாம் நனைந்தது.

உயிரோடு இருக்கிறான். "என்ன எழுதியிருக்கிறான், வாசி, வாசி" என்றேன்.

மேலே எல்லாம் புரோகிராம் எழுத்து. கீழே இங்கிலீசில் மூன்று நாலு வரி. அபி வாசித்து அப்படியே தமிழில் சொன்னாள். நிருஜன் எழுதியிருந்தான்: அப்பா திரும்பவும் என் கதவுக்கு வெளியே நிற்கிறார். தேத்தண்ணி வைத்திருக்கிறார். தட்டமாட்டார்.

அதற்கு ஏஐ கேட்டிருந்தது: எழும்பிப் போய்க் கதவைத் திறக்கப் போகிறாயா? இந்தப் பிழை ஓடிப்போகாது, பிறகும் பார்க்கலாம்.

அவன்: இல்லை. அடுத்த பிழை.

அபி என்னைப் பார்த்தாள். "நீங்கள் அப்பிடி நிக்கிறனீங்களோ அப்பா?"

"ஆர், நானோ? இல்லை," என்றேன்.

பொய். எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய், கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கி, திரும்பி வந்து ஆறின தேத்தண்ணியை நானே குடித்திருக்கிறேன். மங்கைக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அந்த ஒக்டோபர் பிரதிக்குக் காரணம் இருக்கிறது. கதவின் கீழ் இடைவெளியில் நிழல் தெரிந்திருக்கும், இஞ்சி மணம் போயிருக்கும். அதை விடுங்கள்.

நான் பயந்தது மற்றதற்கு. பெப்ரவரித் திகதியைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். தைப்பூசம். காலை ஏழு ஐந்து.

தைப்பூசத்தன்று நான் இரவு ஷிப்ட் முடித்து ஆறு நாற்பதுக்கு வீடு வந்தேன். மங்கை வேலைக்குப் போய்விட்டாள். அபி பரீட்சைக்குப் படிக்கவென்று சிநேகிதி வீட்டில் நின்றாள். விரதம், தேத்தண்ணி மட்டும்தான். பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை போட்டுவிட்டேன். இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத அந்த அறையின் சாத்தின கதவுக்கு முன்னால் போய் நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு போய்ச் சிங்குக்குள் ஊற்றிவிட்டுப் படுத்தேன். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் என்னைத் தவிர ஒரு குருவி இல்லை.

இதை அபியிடம் சொல்ல முடியவில்லை. நிற்கிறதே இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்? சொன்னால் அவளுடைய சந்தோசமும் கெட்டுவிடும் என்று பயமாகவும் இருந்தது. எழும்பி ஜன்னலடிக்குப் போனேன், திரும்பி வந்து இருந்தேன், திரும்பவும் எழும்பினேன். ரேடியேட்டர் வேறு டக் டக் என்று அடித்துக்கொண்டு இருந்தது, அது எல்லா நாளும் அடிக்கிறதுதான், அன்றைக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

"இருங்கோவன் அப்பா, தலை சுத்துது," என்றாள் அபி.

"பிள்ளை, அதைத் திரும்ப ஒருக்கா ஓட விடு."

"ஏன்?"

"சும்மா விடு."

விட்டாள். பட்டியல் திரும்ப ஓடி முடிந்தது. அந்தக் கூட்டத்தில் இப்போது மூன்று பிரதி.

அபி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதின் திகதி அன்றைய திகதி. நேரம் நாலு பத்து.

"இண்டைக்கு! அப்பா, இண்டைக்கு எழுதியிருக்கிறான், இப்பதான்!" அவள் அழத் தொடங்கிவிட்டாள். பழைய உரையாடலை அவன் எங்கேயோ இருந்து திறந்து திறந்து பார்க்கிறான், திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி விழுகிறது, அதுதான் காரணம் என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். நியாயமான விளக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் தைப்பூசம் ஏழு ஐந்துக்கு அந்தக் கதவடியில் நின்றது யார் என்று அவளுக்குத் தெரியாது, இன்றைக்கு நான் நின்ற நேரம் நாலு பத்து என்பதும் தெரியாது.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, ஆனால் வித்தியாசம் கண்ணில் படும் என்று சொன்னேனே. மூன்றாவது பிரதி கட்டையாக இருந்தது.

"இதில கடைசி வரி இல்லைப் பிள்ளை."

அபி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "ஓம் அப்பா. புரோகிராம் மூண்டும் ஒண்டெண்டுதான் சொல்லுது... ஆனா இதில அவன் பதில் எழுதேல்லை."

கதவைத் திறக்கப் போகிறாயா என்று ஏஐ கேட்டதோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

நான் என் வாழ்க்கையில் கதைக்காத குரலில் சொன்னேன், "ஒதுக்கினது போக மிச்சத்தை எடு. எல்லாத்தையும் வாசி. எங்க இருக்கிறான் எண்டு இண்டைக்குக் கண்டுபிடிக்கவேணும்."

மங்கை வந்து சேர்ந்தபோதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். நனைந்த கோட்டைக் கழற்றாமலே அபிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு உரையாடலில், ஒரு வீட்டில் இருக்கிற பெடியள் யார் எந்த நாள் சமைப்பது, யார் குப்பை போடுவது என்று பிரிக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று நிருஜன் செய்திருந்தான். மத்தியூ என்ற சிநேகிதனுக்காகவாம். எங்களுக்கு அப்படி ஒரு சிநேகிதன் இருப்பதே தெரியாது. சரி பார்ப்பதற்காக மத்தியூவின் முகவரியை அதற்குள் அப்படியே போட்டிருந்தான். பஸ்சில் இரண்டரை மணித்தியாலம் தள்ளியிருக்கிற ஷேர்புரூக் என்கிற நகரத்தில் ஒரு தெரு, ஒரு இலக்கம்; அங்கேதான் போயிருப்பான் என்றாள் அபி.

மங்கை அதைக் கேட்டுவிட்டு என்னிடம், "நாளைக்கு அபியோட நான் போறன்" என்றாள்.

"இல்லை. நான் போறன்," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போய் அங்க ஆரை விட்டுக் கதைப்பீங்கள்?"

இனி, அடுத்த நாள் நடந்ததைக் கடைசியில் வைத்துக்கொண்டு, பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் என்னை இன்றைக்கும் நித்திரை கொள்ள விடாதது. சித்திரை மாதம் நிருஜன் போனில் கதைக்கும்போது, அபி அந்தப் பிரதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவன் வீட்டை விட்டுப் போன நாளில் இருந்து அந்தக் கணக்கை ஒருநாளும் திறக்கவில்லையாம். ஷேர்புரூக்கில் ஒரு உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவினானாம், கம்பியூட்டரைத் தொடவே மனம் வரவில்லையாம். அதுகூடப் பரவாயில்லை. அப்பா கதவடியில் நிற்கிறார் என்று முந்தின வருடம் ஒக்டோபரில் எழுதினது உண்மைதானாம். ஆனால் எழுதிவிட்டு, வெட்கமாக இருந்ததால் அனுப்பாமலே அழித்துவிட்டானாம்.

"அனுப்பேல்லை எண்டா அது எப்பிடி அண்ணா பதில் சொல்லும்?" என்று அபி கேட்டாளாம்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றானாம்.

அப்படியென்றால் மூன்றாவது மட்டும் இல்லை, முதலாவதே இருந்திருக்கக்கூடாது. "இல்லை. அடுத்த பிழை" என்று சொன்னது யார்? அபி போன மாதம் அந்தப் புரோகிராமை இன்னொருமுறை ஓட விட்டாள். நான் எத்தனை என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவள் திரையைப் பார்த்துவிட்டு லாப்டாப்பை மூடின வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. காலை பஸ்சில் நானும் அபியும் ஷேர்புரூக் போனோம். இரண்டு மாடி வீடு. அபியைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு நான் ஏறிப்போய் மூன்று தரம் தட்டினேன். நிருஜன்தான் திறந்தான். மெலிந்திருந்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஓம் அப்பா" என்றான். அபியைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் குசினி மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். அன்றைக்கு அவன் எங்களோடு வரவில்லை. நானும் அபியும் மூன்றரை பஸ்சில் திரும்பி வந்தோம்.